சொந்தக் காசில் சூனியம்: அதை எடுக்க எந்த வழி?

என் பைபிளின் கடைசி வெள்ளைத்தாளில் ஐந்து தேதிகள் இருக்கின்றன. ஐந்தும் டிசம்பர் 31. ராத்திரி ஆராதனை முடிந்து, புது வருடத்துக்கென்று ஒரு வசனம் அச்சிட்டுத் தருகிற வாக்குத்தத்த அட்டையோடு வீட்டுக்கு வந்து, தூக்கக் கலக்கத்தில் எழுதியவை. முதல் தேதிக்குப் பக்கத்தில் ‘வரும் வருடம் ஆய்வேட்டை முடித்துவிடுவேன்’ என்று இருக்கும். அடுத்ததில் ‘கர்த்தருக்குச் சித்தமானால்’ சேர்ந்துகொண்டது. மூன்றாவதில் ‘எப்படியாவது’. நான்காவதில் ஒரு வசனம் மட்டும். ஐந்தாவதில் தேதியைப் போட்டுவிட்டுப் பேனாவை மூடிவிட்டேன்.

நான் சோம்பேறி இல்லை. பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிந்து, கல்லூரி வேலையையும் பார்த்துக்கொண்டு, ஐந்து இயல்கள் எழுதியிருந்தேன். ஆறாவது இயலும் முடிவுரையும்தான் பாக்கி. நெறியாளர் கெடு வைக்கிற வாரமெல்லாம் எனக்குச் சபையில் வேலை வந்துவிடும். வந்துவிடும் என்ன, நானே தேடிப் போவேன். மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி. சபையே சேர்ந்து விருந்து சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குப் பந்தல், அரிசிக் கணக்கு. டிசம்பர் வந்தால் வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடப் போகிற கேரல் ரவுண்ட்ஸ். ஊழியம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து வீடுகளில் யாரும் எதிர்க்கேள்வி கேட்க மாட்டார்கள். தேவன் சொன்ன வேலையிலிருந்து தப்பிக்க யோனா தர்ஷீசுக்குக் கப்பல் ஏறினான். நான் கேரல் வேனில் ஏறினேன்.

தன் கையாலேயே தன் காரியத்தைக் கெடுத்துக்கொள்கிற இந்தப் பழக்கத்துக்குப் பல முகங்கள் உண்டு. நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவு விடிய விடியப் படம் பார்ப்பவர், நல்ல வரன் அமைந்ததும் அற்ப விஷயத்துக்குச் சண்டை இழுப்பவர், ஆறு மாதம் குடிக்காமல் இருந்துவிட்டுச் சம்பள உயர்வு வந்த அன்று பாட்டிலைத் திறப்பவர் என்று எல்லாரையும் நான் சபைக்குள்ளேயே பார்த்திருக்கிறேன். விசுவாசத்தின் வழியாக இதிலிருந்து வெளியே வர நினைக்கிறவருக்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது யாருக்குப் பொருந்தும் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. சில வழிகளில் நானே நடந்தேன். சிலவற்றைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

முதலில் நோய் என்னவென்று பார்த்துவிடலாம். 1978-ல் ஸ்டீவன் பெர்க்லாஸ், எட்வர்ட் ஜோன்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர்களில் ஒரு பிரிவுக்கு பெரும்பாலும் விடையே இல்லாத கேள்விகளைக் கொடுத்து, எதை எழுதினாலும் ‘அருமையாகச் செய்தாய்’ என்றார்கள். பிறகு இரண்டாவது தேர்வு. அதற்கு முன் இரண்டு மருந்துகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஒன்று மூளையைக் கூர்மையாக்கும், மற்றது மந்தமாக்கும் என்று சொல்லப்பட்டது. எப்படி ஜெயித்தோம் என்று புரியாமல் பாராட்டு வாங்கிய ஆண்களில் பெரும்பாலோர் மந்தமாக்கும் மருந்தைக் கேட்டார்கள். அடுத்த முறை தோற்றால் மருந்தின்மேல் பழி போட்டுவிடலாம் அல்லவா!

இதைப் படித்தபோது எனக்கு மத்தேயு 25-ல், எஜமான் கொடுத்துவிட்டுப் போன ஒரே ஒரு தாலந்துப் பணத்தைப் பெருக்காமல் வைத்திருந்த வேலைக்காரன் ஞாபகம் வந்தான். அவனைச் சோம்பேறி என்றுதான் ஞாயிறு பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். எஜமானும் அப்படித்தான் திட்டுகிறார். ஆனால் அவன் வாயிலிருந்து வருகிற காரணம் வேறு: “நான் பயந்து, போய், உமது தாலந்தை நிலத்தில் புதைத்து வைத்தேன்.” புதைத்து வைத்தால் நஷ்டம் வராது, திறமை இருக்கிறதா இல்லையா என்ற பரீட்சையும் வராது. என் ஆறாவது இயல் புதைந்து கிடந்ததும் அதே பயத்தில்தான். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எதில் தேறினாலும் ‘கர்த்தருடைய கிருபை’ என்று சபையே கைதட்டியது. முடித்த ஆய்வேட்டைப் புறத்தேர்வாளர் குப்பை என்று சொல்லிவிட்டால்? முடிக்காத ஆய்வேட்டை யாரும் குப்பை என்று சொல்ல முடியாது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

எல்லாரும் முதலில் பிடிக்கிற வழி தனியறை. கதவைப் பூட்டி ஜெபம், உபவாசம், ஒரு தீர்மானம். செலவு இல்லை, யாரிடமும் முகம் காட்ட வேண்டாம். இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். தனிஜெபம் இல்லாமல் மற்ற வழிகளில் ஒன்றும் நிற்காது. ஆனால் இந்த ஒரு நோய்க்கு இதை மட்டும் மருந்தாக எடுப்பது ஆபத்து என்பதை என் அனுபவத்தில் கண்டேன். தீர்மானம் எழுதிய ராத்திரியே பாதி வேலை முடிந்த நிம்மதி வந்துவிடுகிறது. கண்ணீர் விட்டாயிற்று, ஒப்புக்கொடுத்தாயிற்று, இனி என்ன? அந்த நிம்மதி பிப்ரவரி வரை தாங்கும். ஒரு வருடம் இயல் கொடுக்க வேண்டிய மாதம் பார்த்து 21 நாள் உபவாசம் ஆரம்பித்தேன். பத்தாம் நாள் தலை சுற்றியது, ஒரு வரி எழுத முடியவில்லை. ‘உபவாசம் முடியட்டும், அப்புறம் எழுதலாம்’ என்று தள்ளிப்போட்டேன். உபவாசத்தையே சாக்காக ஆக்கியவன் நான் ஒருவனாக மட்டும் இருக்க மாட்டேன்.

இயேசு சபையைத் தொடங்கிய லொயோலா இஞ்ஞாசியார் 16-ஆம் நூற்றாண்டிலேயே இதன் நாடியைப் பிடித்திருக்கிறார். ஆத்துமாவின் எதிரி கள்ளக் காதலன் மாதிரி, தான் பேசுவது இரகசியமாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறான். விஷயம் ஒரு நல்ல வழிகாட்டியின் காதுக்குப் போய்விட்டால் அவன் திட்டம் கெட்டது என்கிறார். தனியறையில் தவறு கிடையாது. அங்கே நானும் என் சாக்கும் மட்டும் இருந்தோம், அதுதான் சிக்கல். தேவனும் இருந்தார்தான், ஆனால் அவர் பேச்சை நடுவில் வெட்டாத தைரியத்தில் நான் பேசிக்கொண்டே போனேன்.

இஞ்ஞாசியாரிடமிருந்து எடுத்துக்கொண்ட இரண்டு பழக்கங்கள் மட்டும் தனியறைக்கு உயிர் கொடுத்தன. ஒன்று, ராத்திரி பத்து நிமிட ஆன்ம சோதனை: இன்றைக்கு எந்த இடத்தில் நழுவினேன், அதற்குச் சற்று முன் மனதில் என்ன ஓடியது? பெரிய பாவங்களைத் தேட வேண்டாம், நழுவிய அந்த நிமிடத்தைப் பார்த்தால் போதும். எனக்கு அது பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணிக்கு, நெறியாளரின் மெயில் வந்த கையோடு நடந்தது. மற்றொன்று, மனம் இருண்டு கிடக்கிற நேரத்தில் முன்பு எடுத்த முடிவை மாற்றாதே என்கிற அவருடைய விதி. ‘இந்த ஆய்வை விட்டுவிடலாம்’ என்ற எண்ணம் எனக்கு இரவு 11 மணிக்குத்தான் வரும். காலை ஏழு மணிக்கு ஒரு நாளும் வந்ததில்லை.

இரண்டாவது வழி கூட்டம். வெள்ளிக்கிழமை உபவாசக் கூட்டம், விடுதலை ஜெபம், கேரளத்து முரிங்கூர் போன்ற தியான மையங்களில் ஒரு வாரம். குடியால் வீடு இழந்த ஒருவர் அப்படி ஒரு வாரம் போய்வந்து திருந்தியதை எனக்குத் தெரியும், ஆகவே ஏளனம் செய்ய மாட்டேன். பழைய தெரு, பழைய கூட்டாளி, பழைய கடை எல்லாவற்றிலிருந்தும் ஆளைப் பிடுங்கி ஏழு நாள் வேறு இடத்தில் நட்டு வைப்பதற்கு ஒரு பலன் நிச்சயம் இருக்கிறது. ஆனால் அங்கே கேட்கிற விளக்கம் எனக்கு உதவவில்லை. ‘உங்கள் ஆசீர்வாதத்தைச் சத்துரு தடுக்கிறான்’ என்று மேடையில் சொன்னபோது எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? அந்த ஆறுதல்தான் வினை. தடுத்தது சத்துரு என்றால் என் கை சுத்தம். யாரோ வைத்த சூனியத்தை எடுக்கிற மாதிரி எடுத்துவிட்டார்கள். சூனியத்துக்குக் காசு கொடுத்தவன் நான்தான் என்பதை யாரும் கேட்கவில்லை. அசுத்த ஆவி போன வீட்டைப் பெருக்கி ஜோடித்து, ஆனால் காலியாக விட்டால் ஏழு பேரோடு அது திரும்பி வரும் என்று மத்தேயு 12-ல் இருக்கிறதே, அந்த வீட்டுக்குள் திங்கட்கிழமை என்ன வைப்பது என்பதைக் கூட்டத்தில் சொல்லிக் கொடுப்பதில்லை. தொடங்கிவைக்க நல்ல வழி. அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

மூன்றாவது, இன்னொரு மனிதரிடம் வாய் திறப்பது. இதில்தான் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஏனென்றால் என் கணக்கில் முடிச்சு அவிழ்கிற இடம் இது, கவனமாக இல்லாவிட்டால் இன்னும் இறுகுகிற இடமும் இதுதான்.

“நீங்கள் சொஸ்தமடையும்படிக்கு, உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்” என்கிறது யாக்கோபு 5:16. மன்னிப்பு பெறும்படிக்கு என்று அங்கே சொல்லவில்லை, சொஸ்தமடையும்படிக்கு என்று சொல்கிறது. கத்தோலிக்கரிடம் இதற்கு, குருவிடம் தனியே பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனம் என்ற தயாரான வாசல் இருக்கிறது. அதன் பெரிய பலம் இரகசியம்: கேட்டதை நேரடியாக வெளியிடும் குரு அந்தக் கணமே சபைநீக்கத்துக்கு உள்ளாவார் என்பது அவர்களுடைய திருச்சபைச் சட்டம். என்னோடு வேலை பார்க்கும் ஒரு கத்தோலிக்க நண்பர் சொன்ன குறையும் நியாயமானது. தவக்காலத்து நீண்ட வரிசையில் மூன்று நிமிடம் கிடைக்கிறது. ‘ஆய்வேட்டை எழுதாமல் கேரலுக்குப் போனேன்’ என்று சொன்னால் இதெல்லாம் பாவமா என்று சாமியாரே சிரித்துவிடுவார். ஒரே குருவிடம் மாதம் தவறாமல், வரிசை இல்லாத நேரம் கேட்டு வாங்கிப் போகிறவர்களுக்குத்தான் இது வேலை செய்கிறது என்றார்.

எங்களைப் போன்ற சி.எஸ்.ஐ.க்காரர்கள் பொதுப் பாவ அறிக்கையைக் கோரஸாக வாசித்துவிட்டு நற்கருணைக்குப் போய்விடுவோம். நூறு பேரோடு சேர்ந்து சொல்கிற அறிக்கையில் ஒளிந்துகொள்ள வசதியாக இடம் இருக்கிறது. ஆனால் சி.எஸ்.ஐ.யில் பின்னாளில் இணைந்த மெதடிஸ்டு சபையின் முன்னோர் இப்படி விட்டுவிடவில்லை. 1742-ல் பிரிஸ்டல் நகரத்தில் மெதடிஸ்டு கட்டடக் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒரு தலைவர் வாராவாரம் ஆளுக்கு ஒரு பென்னி வசூலிக்கலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்குப் போன தலைவர்கள் வீடுகளின் நிலைமையையும் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். மெதடிஸ்டு இயக்கத்தின் தலைவர் ஜான் வெஸ்லி அதைப் பிடித்துக்கொண்டார். கடன் வசூல், வாரம் ஒருமுறை ‘உன் ஆத்துமா எப்படி இருக்கிறது’ என்று கேட்கிற வகுப்பாக மாறியது. பிரசங்கம் கேட்டு உருகுகிறவர்களை அவர் அப்படியே விடவில்லை. யாராவது ஒருவரிடம் வாராவாரம் பதில் சொல்ல வைத்தார்.

1935-ல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஆரம்பித்த ஏ.ஏ. எனப்படும் குடிநோயாளர்களின் குழுவும் இந்தக் கொடியில் காய்த்ததுதான். அதைத் தொடங்கிய பில் வில்சனும் டாக்டர் பாப்பும் ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் பழகியவர்கள். குடியிலிருந்து மீள ஏ.ஏ. வகுத்த பன்னிரண்டு படிகளில் ஐந்தாவது, செய்த தவறுகளின் சரியான தன்மையைக் கடவுளிடமும் தன்னிடமும் இன்னொரு மனிதரிடமும் ஒப்புக்கொள்வது. மூன்றில் ஒன்றைக் கழித்தாலும் படி முடியாது. குடிதான் உங்கள் பிரச்சினை என்றால் சபைக் குழுவைவிட ஏ.ஏ. மேல் என்பது என் அபிப்பிராயம். அங்கே யாரும் அதிர்ச்சியடைய மாட்டார்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: பல வருடமாக அதிகம் குடிப்பவர் டாக்டரைப் பார்க்காமல் திடீரென நிறுத்தக் கூடாது. வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ஜெபித்துவிட்டு அன்றே நிறுத்தினேன் என்ற சாட்சிகளைக் கேட்டுவிட்டு இந்த விஷயத்தில் சூடு போட்டுக்கொள்ளாதீர்கள்.

இனி அந்த இறுகுகிற இடம். நான் முதலில் வாய் திறந்தது ஒரு வீட்டு ஜெபக் குழுவில். எட்டுப் பேர், எல்லாரும் நல்லவர்கள். மனம் விட்டுச் சொன்னேன். மூன்றாம் நாள் பலசரக்குக் கடையில் ஒரு அத்தை கையைப் பிடித்துக்கொண்டு, “ஒனக்காக ரொம்பப் பாரத்தோட ஜெபிக்கேன் தம்பி, அந்தப் படிப்பு விஷயம்” என்றார். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை! நம் சபைகளில் புறணி பேசுவதற்கு ‘ஜெபக் குறிப்பு’ என்று ஒரு நல்ல பெயர் இருக்கிறது. அதன்பின் ஒன்றரை வருடம் நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை. ஆகவே எட்டுப் பேர் வேண்டாம். ஒருவர் போதும். உங்கள் சொந்தக்காரராக, மேலதிகாரியாக, உங்கள் வெற்றியால் பெருமையோ தோல்வியால் அவமானமோ அடையக்கூடியவராக அவர் இருக்கக் கூடாது.

இன்னொரு விதமானவர்களும் உண்டு. அவர்களுக்கு அறிக்கையிடுவதே நோயாகிவிடும். இளம் துறவியாக இருந்தபோது மார்ட்டின் லூத்தர் மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்து, தன் ஞானத் தந்தை ஸ்டாபிட்ஸையே களைப்படைய வைத்தார். இஞ்ஞாசியாரும் ஸ்பெயினின் மன்ரேசா ஊரில் இருந்த நாட்களில் இதே வாதையில் தவித்தவர்தான். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லி, மன்னிப்புக் கிடைத்ததா என்று சந்தேகப்பட்டு, அந்தச் சந்தேகத்திலேயே நாளைக் கழிப்பவருக்கு இந்த மூன்றாம் வழியைச் சிபாரிசு செய்ய மாட்டேன். அவர் நேரே நான்காவதற்குப் போகலாம்.

நான்காவது வழி ஆலோசகர் அல்லது மனநல மருத்துவர். விசுவாசம் குறைந்தவர்கள்தான் அங்கே போவார்கள் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. சூரைச்செடியின்கீழ் படுத்துச் சாவைக் கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தட்டியெழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு” என்றான். அடையும் தண்ணீரும் கொடுத்து மறுபடி தூங்கவிட்டு, மறுபடி சாப்பிட வைத்தான். தேவனுடைய மெல்லிய சத்தம் அதற்கும் நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, எதிலும் பிடிப்பு இல்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால் மேலே சொன்ன மூன்றையும் ஒத்திவைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையில் தமிழிலேயே பேசலாம். மிஷனரிகள் தொடங்கிய வேலூர் சி.எம்.சி.யே பாகாயத்தில் ஒரு மனநல மையம் நடத்துகிறது. ஜெபமும் மாத்திரையும் ஒரே வளாகத்தில்தான் இருக்கின்றன.

ஆலோசகரைத் தேர்வதில் ஒரு விஷயம். ‘கிறிஸ்தவ ஆலோசனை’ என்று யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். நன்றாகப் பிரசங்கம் செய்பவர் நன்றாகக் கேட்பவர் என்று அர்த்தம் இல்லை. மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொள்பவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவரா என்று கேளுங்கள், கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. நான் போன அம்மா கிறிஸ்தவர் இல்லை. ஆனால் என் விசுவாசத்தை மதித்தார், அது போதுமாக இருந்தது. இரண்டாவது அமர்வில் கேட்டார்: “ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாள் காலையில எழுந்து என்ன செய்வீங்க?” எனக்குப் பதில் வரவில்லை. ஒன்பது வருடமாக ‘பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருக்கிறவர்’ என்பதுதான் என் அடையாளம். அதை எடுத்துவிட்டால் நான் யார்? முதலில் இறங்குகிறவர் குணமாவார் என்று நம்பப்பட்ட பெதஸ்தா குளத்தருகே கிடந்த, 38 வருடமாக நோயில் இருந்தவனிடம் இயேசு கேட்ட கேள்வி எனக்கு எப்போதும் கொஞ்சம் கொடூரமாகப்படும்: “சொஸ்தமாகவேண்டுமென்று விரும்புகிறாயா?” அன்று மாலை பஸ்ஸில் வரும்போதுதான் அதன் காரணம் பிடிபட்டது. அவனும் ஆம் என்று சொல்லவில்லை. குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று சாக்குத்தான் சொல்கிறான்.

இந்த வழியின் குறை பணமும் காலமும். அமர்வுக்கு 800 ரூபாய், ஆறு அமர்வு போனேன். காரணம் புரிந்தது. காரணம் புரிந்த பிறகும் இயல் தானாக எழுதிக்கொள்ளவில்லை.

அப்படியானால் எதைத் தேர்வது? ஒரு சின்னக் கேள்வி போதும்: உங்களுக்கு எது சுலபமாக வருகிறது? சுலபமாக வருவதை முதலில் எடுக்காதீர்கள். தனியே அழுவது சுலபம் என்றால் இன்னொருவரிடம் போங்கள். மேடையில் சாட்சி சொல்வது சுலபம் என்றால் மேடையை விட்டு இறங்கி ஒருவர் முன்னால் உட்காருங்கள். சொல்லிச் சொல்லியே தீர்ப்பவர் என்றால் பேச்சைக் குறைத்து மருத்துவரிடம் போங்கள். என்னைப் போல ஊழியத்துக்குள் ஒளிகிறவர் என்றால் ஒரு வருடம் எந்தக் கமிட்டியிலும் பேர் கொடுக்காதீர்கள். தேவன் கோபித்துக்கொள்ள மாட்டார். செயலாளர் கோபிப்பார், பரவாயில்லை.

நான் கடைசியில் பிடித்தது மூன்றாவது வழியின் மிகச் சிறிய வடிவம். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அண்ணாச்சி. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவர் வீட்டுத் திண்ணைக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோக வேண்டும் என்று ஏற்பாடு. அவர் படிக்க மாட்டார், என் துறையும் அவருக்குத் தெரியாது. தாளை எண்ணிப் பார்ப்பார், அவ்வளவுதான். முதல் வாரம் வெறுங்கையோடு போனேன்.

“என்னடே, கொண்டாந்தியா?”

“இல்ல அண்ணாச்சி. இந்த வாரம் காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன்...”

“நான் காரணம் கேக்கலியே. கொண்டாந்தியா, இல்லியா?”

“இல்ல.”

“சரி, காப்பி குடி.” ஒரு நிமிடம் ஜெபித்தார், ‘ஆண்டவரே, இவன் அடுத்த வாரமும் வரணும்’ என்று. எழுத வேண்டும் என்றுகூட அவர் ஜெபிக்கவில்லை. “நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்” என்று ரோமர் 7-ல் வருகிற பவுலின் வார்த்தையை அதுவரை நூறு முறை கேட்டிருப்பேன். வெறுங்கையோடு ஒருவர் முன்னால் உட்கார்ந்து, திட்டு வாங்காமல் காப்பி குடித்த அன்றுதான் அதற்கு அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்துக்கு, ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற அந்த வசனத்துக்கு, வந்து சேர்ந்தேன்.

மூன்றாவது வாரம் இரண்டு பக்கம் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, பிறகு எல்லாச் சனிக்கிழமையும். பதினான்கு மாதம் ஆயிற்று. ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன், வாய்மொழித் தேர்வுக்குத் தேதி வந்திருக்கிறது. தேதி வந்த வாரமே அசனக் கமிட்டியிலிருந்து போன் வந்தது. இந்த வருடம் பந்தல் பொறுப்பை நீங்கள்தான் எடுக்க வேண்டும், வேறு ஆளில்லை என்றார்கள். பண்டிகை, தேர்வுக்கு முந்தின நாள். சனிக்கிழமை அண்ணாச்சியிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.